இடது பக்கம் திரும்பினால் கூட்டம் இல்லை

மார்ச் 3, செவ்வாய்

இன்று ஏழு லிஃப்ட் சோதனை. ஆறு ஒழுங்கு. ஏழாவது ஒரு பல் மருத்துவமனைக் கட்டடத்தில். மூடுகிற கதவுக்கு நடுவே கையை நீட்டினால் அது உடனே திறக்க வேண்டும். இது என் கையை ஒரு கடி கடித்துவிட்டு அப்புறம்தான் யோசித்தது. ஓட்டக் கூடாது என்று சிவப்புச் சீட்டை ஒட்டிவிட்டேன். கட்டட மேலாளர் கெஞ்சினார்: "மேடம், நாலு மாடி ஏறி வந்து யாராவது பல்லு பிடுங்கிப்பாங்களா?" "பல்லு போகத்தான் சார் வர்றாங்க. கையும் சேர்ந்து போகக் கூடாதுல்ல" என்றேன். மனுஷர் சிரிக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்து உட்காரவில்லை, சமையலறை வாசலில் ஓர் இருமல். ஆபீசரம்மா வந்திருக்கிறார் என்று அர்த்தம்.

ஆபீசரம்மா என்பது நான் மனசுக்குள் வைத்த பெயர். என் கணவரின் மகள். ஒன்பது வயது. எங்களுக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். இந்த எட்டு மாதத்தில் அவள் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அம்மா என்ற சொல்லுக்கு ஆள் இருக்கிறாள்: வெளிநாட்டில் வேலை, ஞாயிறுதோறும் வீடியோவில் வருகிறாள், நல்லவள், எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. 'சித்தின்னு கூப்பிடு' என்று உறவுக்காரர்கள் சொல்லிப் பார்த்தார்கள். இவள் தலையை ஆட்டினாள், கூப்பிடவில்லை. 'ஆன்ட்டி'யும் கிடையாது. ஓர் இருமல், மேசையில் இரண்டு தட்டு, 'இங்க ஒரு நிமிஷம்'. ரொம்ப அவசரம் என்றால், 'அப்பா, அவங்ககிட்ட சொல்லுங்க.' அவ்வளவுதான் நான்.

இன்றைக்கு வந்த விண்ணப்பம்: "உங்க ஃப்ரிட்ஜைத் திறந்து தண்ணி எடுத்துக்கலாமா?"

உங்க ஃப்ரிட்ஜ். உங்க பால்கனி. உங்க பாத்ரூம். பத்திரப்படி உண்மைதான், கல்யாணத்துக்கு முன்பே நான் வாங்கிய வீடு இது. அப்பாவும் மகளும் பெட்டியோடு இங்கே வந்தார்கள். அதற்காக ஒரு குழந்தை குடிக்கிற தண்ணீருக்கு அனுமதி கேட்டால் எனக்கு எப்படி இருக்கும்?

படுக்கப் போகும் முன் அவர் மெல்ல ஆரம்பித்தார். ஆபீசரம்மா அடுத்த வகுப்பை அத்தை வீட்டில் இருந்து படிக்கிறேன் என்கிறாளாம். அத்தை, அதாவது அவருடைய அக்கா, அவர் என்னைக் கல்யாணம் செய்துகொள்ளும் முன் இரண்டு வருஷம் இவளைப் பார்த்துக்கொண்டவர். இந்தப் பள்ளியில் தொடர்வதா இல்லையா என்று முப்பத்தொன்றாம் தேதிக்குள் படிவம் கொடுக்க வேண்டும். "பதினெட்டாம் தேதி அவ ஸ்கூலுக்கு மட்டும் லீவு. மூணு பேருமா அந்தப் பெரிய பார்க்குக்குப் போயிட்டு வரலாம். அப்புறம் பேசலாம்" என்றார். இடத்தை அவளே தேர்ந்தெடுத்தாளாம். வகுப்பில் எல்லோரும் போய்விட்டார்களாம்.

போகட்டும் என்று பெருந்தன்மையாகச் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துத் தொலைத்துவிட்டது.

மார்ச் 4, புதன்

ராட்டினமும் சறுக்கும் நிறைந்த இடத்துக்கு நான் போனதே இல்லை. கீழே விழாமல் பார்த்துக்கொள்வது என் தொழில். டிக்கெட் வாங்கிக்கொண்டு வரிசையில் நின்று விழுவது எனக்குப் புரியாத விஷயம்.

எங்கள் அலுவலகத்தில் உதிரிபாகக் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டோர் அக்காவிடம் போனேன். மூன்று பிள்ளைகள். அந்தப் பூங்காவுக்கு மட்டும் பதினோரு தடவை போய் உயிரோடு திரும்பியவர். கேட்டதுதான் தாமதம், கம்பிச் சுருள் எண்ணுவதை அப்படியே விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"வாசல்ல நுழைஞ்சதும் எல்லாரும் வலது பக்கம்தான் திரும்புவாங்க. ஏன்னு கேக்காத, மனுஷ ஜென்மம் அப்படி. நீ இடது பக்கம் திரும்பு. நேரா கடைசிக்குப் போ. அங்கேர்ந்து முன்னாடி வா. முதல் ஒரு மணி நேரத்துல மூணு ரைடு அடிச்சிடலாம்."

"சாப்பாடு பதினொன்னரைக்கு முன்னாடி. பன்னெண்டுக்குப் போனே, மேஜைக்கு அடிதடி."

"புது ஷூ போட்டே, தொலைஞ்சே. பழசு, நல்லா காலோட கிடந்து அடிபட்டது."

"பொம்மைக் கடை கடைசில. முதல்லயே வாங்கினா அந்தக் கரடியை நீதான் நாள் முழுக்கச் சுமப்பே."

"உள்ள போனதும் பொண்ணை ஒரு ஃபோட்டோ எடு. காணாம போனா என்ன சட்டைன்னு உனக்கு ஞாபகம் இருக்காது. எனக்கு இருந்ததில்ல."

"காணாம போயிருக்காங்களா?"

"மூணும் போயிருக்கு. ஒரு தடவை என் வீட்டுக்காரரும்."

மார்ச் 7, சனி

உயரம் அளந்தேன். உயரக் கோபுரத்தில் ஏறிக் கீழே விழும் அந்த ரைடுக்கு நூற்று முப்பது சென்டிமீட்டர் வேண்டும். ஆபீசரம்மாவைச் சுவரோரம் நிறுத்தி, அளவுகோலோடு மட்டப்பலகையும் வைத்து, இரண்டு தடவை. நூற்று முப்பத்தொன்றரை.

"உங்க சுவத்துல கோடு போட்டுட்டீங்க" என்றாள்.

அழிக்கவா என்று கேட்டேன். யோசித்தாள். "உங்க இஷ்டம்."

என் இஷ்டமாம்! அந்தக் கோட்டைத் தொட்டால் யாராக இருந்தாலும் கையை ஒடித்துவிடுவேன்.

மார்ச் 8, ஞாயிறு

அவளுடைய அம்மாவுடன் வீடியோவில் அரை மணி நேரம் சிரிப்பும் பேச்சுமாக இருந்தாள். இவளுக்கு இவ்வளவு பேச வரும் என்பதே சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து நான் தெரிந்துகொண்டது.

மார்ச் 12, வியாழன்

திட்டம் தயார். நான்கு பக்கம். பூங்காவின் வரைபடத்தை அச்செடுத்து, எந்த ரைடு எத்தனை மணிக்கு என்று எழுதி, கழிவறைகளுக்கு நீல வட்டம், தண்ணீர் வைத்திருக்கும் இடங்களுக்குப் பச்சை. தகவல் மையத்துக்குச் சிவப்பு வட்டம். நனைகிற ரைடு கடைசியில், மாற்று உடையும் மாற்றுக் காலுறையும் தனிப் பையில்.

சாப்பாட்டு மேசையில் பாடம் நடத்தினேன். "யாராவது காணாம போனா என்ன பண்ணணும்? ஓடக் கூடாது. அழக் கூடாது. ரெண்டு நிமிஷம் அதே இடத்துல நிக்கணும். அப்பவும் வரலன்னா, நேரா தகவல் மையம். அங்க போய்த் தெளிவா சொல்லணும்: யாரைக் காணோம், என்ன சட்டை, எப்படி இருப்பாங்க."

அவர் கொட்டாவி விட்டார். ஆபீசரம்மா மட்டும் கவனமாகக் கேட்டாள். எல்லாம் முடிந்ததும் ஒரு சந்தேகம்: "நீங்க காணாம போனா?"

"நானா? நான் எதுக்குக் காணாம போறேன்!"

சிரித்துவிட்டுத் தட்டுகளை எடுத்தேன். திமிர்தான், வேறென்ன.

மார்ச் 17, செவ்வாய்

போச்சு. மாலை ஐந்து மணிக்கு அவருக்கு ஃபோன். அவர் வேலை பார்க்கும் குடிநீர் வாரியத்தின் பெரிய குழாய் எங்கோ உடைந்து தெருவே குளமாகிவிட்டதாம். நாளை முழுக்க அவர் பள்ளத்தில்தான். "நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்களேன்" என்றார், ஏதோ பால் பாக்கெட் வாங்கப் போகச் சொல்வதுபோல.

ஆபீசரம்மா முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "உங்களுக்குக் கஷ்டமா இருந்தா வேணாம்" என்றாள்.

கஷ்டமாம். நான்கு பக்கத் திட்டம் போட்டவளிடம்!

உண்மையைச் சொல்கிறேன், இங்கே யார் பார்க்கப் போகிறார்கள்? எனக்குப் பயமாக இருக்கிறது. நாளைக்கு நாள் முழுக்க அவள் இருமிக்கொண்டே வந்தால்? திரும்பி வந்து, 'அப்பா, நான் அத்தை வீட்டுக்கே போறேன்' என்று சொல்லிவிட்டால்? அப்போது குறை சொல்ல என்னைத் தவிர வேறு ஆள் கிடையாது.

மார்ச் 18, புதன் (காலை)

பழைய ஷூ என்றால் என்னிடம் இருப்பது வேலைக்குப் போடும் இரும்பு முனை ஷூதான். பரவாயில்லை. சாம்பல் சட்டை. பையில் பழக்கதோஷத்தில் டார்ச்சும் ஏறிவிட்டது. அவள் முன்கையில் என் ஃபோன் நம்பரைப் பேனாவால் எழுதினேன். கையை ஆடாமல் அசையாமல் நீட்டினாள், ஊசி போட்டுக்கொள்வதுபோல.

மார்ச் 18, புதன் (இரவு)

இன்றே எழுதிவிட வேண்டும்.

ஸ்டோர் அக்கா தெய்வம். கூட்டம் மொத்தமும் வலது பக்கம் பாய்ந்தது, நாங்கள் இடது பக்கம் திரும்பினோம். பாதையில் நாங்களும் ஒரு துப்புரவுப் பணியாளரும்தான். பத்தரைக்குள் நான்கு ரைடு! ஆபீசரம்மா என் நான்கு பக்கத்தையும் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக 'டிக்' அடித்துக்கொண்டே வந்தாள். பதினொன்றே காலுக்குச் சாப்பிட்டு முடித்து, பன்னிரண்டு மணிக்கு மேஜைக்கு அடித்துக்கொண்டவர்களை ஐஸ்கிரீமோடு வேடிக்கை பார்த்தோம்.

விழும் கோபுரத்தில் ஏறினேன். ஏறியிருக்கக் கூடாது. மேலே போய் நின்றதும், எந்த வகை பிரேக், எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்ப்பார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். யோசித்து முடிப்பதற்குள் விட்டுவிட்டார்கள். "அடப்பாவிகளா, நிறுத்துங்கடா!" என்று நான் கத்தியது கீழே வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்டதாம்.

"பயந்துட்டீங்களா?" என்றாள்.

"பயமா? சோதனை பண்ணினேன்."

"கண்ண மூடிக்கிட்டா?"

அப்போதுதான் அவள் சிரித்தாள். என்னைப் பார்த்து, சுவருக்கு அந்தப் பக்கம் இல்லாமல், நேராக.

சிரிப்பில் மயங்கித் திட்டத்தை மீறினேன். நனைகிற ரைடு கடைசியில் என்று எழுதியிருந்ததை, "இப்பவே போலாமா?" என்று கேட்டதும் மதியமே போய்விட்டோம். தொப்பலாக நனைந்தோம். அவள் முன்கையில் இருந்த நம்பர் ஒரு நீலக் கறையாகி ஓடிவிட்டது. துடைத்து உடை மாற்றிவிட்டேன், மறுபடி எழுத மறந்தேன்.

அடுத்தது சுற்றும் கோப்பைகள். எனக்குத் தலை சுற்றும், நீ போய்விட்டு வா என்றேன். "நான் இந்த வாசல்லயேதான் நிப்பேன். ஒரு அடி அசைய மாட்டேன்."

பக்கத்தில் விழும் கோபுரத்தின் அடியில் ஒரு தொழிலாளி இரும்புக் கதவைத் திறந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே பிரேக். பத்தடி தூரம்தான். போய் டார்ச் அடித்துப் பார்த்தேன். "இந்த ஆணியெல்லாம் எப்ப மாத்தினீங்க?" என்று கேட்டேன். அவர் நல்ல மனுஷர், விவரமாகச் சொன்னார். நானும் விவரமாகக் கேட்டேன். திரும்பிப் பார்த்தால் கோப்பைகளில் வேறு பிள்ளைகள் சுற்றுகிறார்கள்.

அவள் இல்லை.

நுழையும் வாசல் ஒன்று, வெளியே வரும் வாசல் இன்னொன்று. அது அந்தக் கட்டடத்துக்கே மறுபக்கம். லிஃப்டுக்கெல்லாம் அவசர வழி எங்கே என்று கேட்டுச் சீட்டு எழுதும் கழுதைக்கு இது தெரியவில்லை. ஓடினேன். இல்லை. ஐஸ்கிரீம் வண்டி. இல்லை. கழிவறை. இல்லை. எங்கடி போனே? கூப்பிட வாயைத் திறந்தால் சத்தமே வரவில்லை. அவர் முகத்தில் எப்படி முழிப்பேன்? அவளுடைய அம்மாவுக்கு யார் சொல்வது? ஐயோ, ஒரு அடி அசைய மாட்டேன்னு சொன்னேனே, ஒரு ஆணியைப் பாக்கப் போயி —

அந்த நேரத்தில் ஒலிபெருக்கி:

"கவனிக்கவும். சாம்பல் நிறச் சட்டை அணிந்த வீட்டு உரிமையாளர் அவர்கள், உடனடியாகத் தகவல் மையத்துக்கு வரவும்."

யாரோ பாவம், பூங்காவில்கூடக் குடித்தனக்காரர்கள் விட்டுவைக்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டே இன்னும் ஒரு சுற்று ஓடினேன். மறுபடியும் ஒலித்தது:

"சாம்பல் நிறச் சட்டை, இரும்பு முனை ஷூ அணிந்த, கையில் டார்ச் வைத்து ஆணிகளைப் பார்க்கும் பழக்கம் உள்ள வீட்டு உரிமையாளர் அவர்கள்..."

நான்.

வரைபடம் அவளிடம். ஆனால் சிவப்பு வட்டம் எனக்கு மனப்பாடம். எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று தெரியவில்லை. உள்ளே உயரமான நாற்காலியில் ஆபீசரம்மா உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. மடியில் நான்கு பக்கத் திட்டம். என்னைப் பார்த்ததும் இறங்கி வந்தாள். வந்து நின்றாள். அதற்குமேல் என்ன செய்வது என்று எங்கள் இருவருக்குமே தெரியவில்லை.

மேசையில் இருந்த பெண் ஒரு படிவத்தைத் திருப்பிக் கையெழுத்து கேட்டார். 'காணாமல் போனவர்: பெரியவர், பெண். தேடுபவர்: சிறுமி, வயது 9. உறவு: வீட்டு உரிமையாளர்.'

படித்தேன். சரிதான், எட்டு மாதத்துக்கு இதுதான் மதிப்பெண் என்று தோன்றியது. கையெழுத்துப் போட்டேன், அது என் கையெழுத்து மாதிரியே இல்லை.

"தப்பா நெனச்சுக்காதீங்க மேடம்" என்றார் அந்தப் பெண். "அப்பா நம்பர் சொல்லுச்சு, அவர் எடுக்கல. யாரைக் காணோம்னு கேட்டா, 'எங்க வீட்டுக்காரங்களைக் காணோம்'னு சொல்லுது. வீட்டுக்காரர்னா புருஷன்னு எழுதறதா? ஒம்போது வயசுப் புள்ளைக்கு! அதான் ஓனரா இருக்கும்னு எழுதிட்டேன்."

"ஓனர் இல்லன்னு சொன்னேன்ல!" ஆபீசரம்மா சீறினாள். அவள் குரல் அவ்வளவு உயர்ந்து நான் கேட்டதே இல்லை. "பக்கத்து வீட்டுக்காரங்க இருக்காங்கல்ல? எதிர் வீட்டுக்காரங்க இருக்காங்கல்ல? அந்த மாதிரி இவங்க எங்க வீட்டுக்காரங்க. எங்க வீடு! எத்தனை தடவை சொல்றது?"

அந்தப் பெண் படிவத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "அப்ப இந்த உறவுன்ற எடத்துல என்னம்மா எழுதறது?"

"அதையே எழுதுங்க."

அடித்துவிட்டு எழுதினார்.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து நான் அழுத அழுகையை ஒரு மஞ்சள் வாத்து வேஷக்காரர்கூட நின்று பார்த்தார். வியர்வை என்றேன். "கண்ணுலேர்ந்தா?" என்றாள். பிறகு திட்டு. "ஒரே எடத்துல நிக்கணும்னு யாரு சொன்னது? நீங்கதானே? நான் ரெண்டு நிமிஷம் எண்ணினேன். நூத்தி இருபது. நீங்க வரவே இல்ல. எவ்ளோ பயமா இருந்துச்சு தெரியுமா?" பயம் என்று சொல்லும்போதுதான் உதடு கோணியது. அதற்கப்புறம் அவளும் அழுதாள். வாத்து போய்விட்டது.

மீதி நேரம் முழுக்க என் சட்டை நுனியை விடவில்லை. நான் தொலைந்துவிடுவேனாம்.

அவர் சேற்றுக் காலோடு எட்டு மணிக்கு வந்தார். செருப்பைக் கழற்றுவதற்குள், "அப்பா, அவங்க காணாம போயிட்டாங்க!" என்று ஆரம்பித்துவிட்டாள்.

மார்ச் 19, வியாழன்

தொடை வலி. இன்று இரண்டே லிஃப்ட். இரண்டிலும் படியில் இறங்க முடியாமல் லிஃப்டிலேயே இறங்கினேன், சோதனை முடிவதற்கு முன்பே. யாரிடமும் சொல்லக் கூடாது.

மார்ச் 23, திங்கள்

ஸ்டோர் அக்காவிடம் கதை முழுவதும் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நம்பரைப் பேனாவுலயா எழுதுவாங்க? பெட்டிமேல எழுதற மார்க்கர் எதுக்கு இருக்கு?" என்றார். என் பங்குக்கு அவருக்கும் ஒன்று சொன்னேன்: ஏறும் வாசலில் நிற்கக் கூடாது, இறங்கும் வாசலைக் கேட்டு அங்கே போய் நிற்க வேண்டும். பதினோரு தடவை போனவருக்கே அது தெரிந்திருக்கவில்லை.

படிவம் இன்னும் அலமாரிமேல் கிடக்கிறது. அவர் அவளிடம் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஒரு நல்ல நாளை வைத்துக்கொண்டு ஒரு வருஷத்தைக் கேட்க முடியுமா? அத்தை வீட்டில் அவளுக்குத் தோழிகள் இருக்கிறார்கள். 'போறேன்' என்றால் பெட்டி அடுக்கிக் கொடுப்பேன், சிரித்த முகத்தோடு. அதற்கு இப்போதே ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கிறேன். சரியாக வரவில்லை.

மார்ச் 28, சனி

இன்று பெரிய சண்டை.

குளித்துவிட்டு ஈரத் துண்டை அவள் படுக்கைமேலேயே போட்டிருந்தாள். மூன்றாவது நாள். மெத்தை நனைந்து நாறுகிறது. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், "அத்தை வீட்டுக்குப் போயும் இப்படித்தான் போடப் போறியா?" என்றேன். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள். "நான் எதுக்கு அங்க போறேன்? போகலன்னு அப்பாகிட்ட நேத்தே சொல்லிட்டேனே. உங்களுக்குச் சொல்லலையா?"

சொல்லவில்லை. குழாய் உடைந்தால் அந்த மனுஷருக்கு வேறு எதுவும் ஞாபகம் இருக்காது.

"அது சரி, துண்டு?"

"ஐயோ, எடுக்கறேன்னா எடுக்கறேன்! முதல்ல கதவைத் தட்டிட்டு வாங்க. இது என் ரூம்!"

எழுந்து வந்து என்னை வெளியே தள்ளி, படார் என்று என் மூக்குக்கு நேரே கதவைச் சாத்தினாள். கூடத்தில் இருந்து அவர் பதறி ஓடி வந்தார். "என்னாச்சு? ஏன் கத்துறா? நான் பேசட்டுமா?"

"நீங்க ஒண்ணும் பேச வேணாம்" என்றேன். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

அவரை அனுப்பிவிட்டுக் கதவைத் தட்டினேன்.

"என்ன?"

"துண்டு."

"அப்புறம் எடுக்கறேன்."

அப்புறமே எடுக்கட்டும்.